பேசினவங்கள்

கஸ்தூரியம்மாள் டீச்சருக்குப் 'போதும்' என்ற வார்த்தைக்கு மட்டும் பொருள் தெரியாது. டவுன்ஷிப் பள்ளிக்கூடத்தில் ரிட்டையர் ஆகிற வரைக்கும் தமிழ் நடத்தியவர். மற்ற எல்லா வார்த்தைக்கும் பொருள் சொல்வார். யாரும் கேட்காவிட்டாலும் சொல்வார்.

அன்றைக்கு ஒத்திகைக்காக வதனியை நாற்காலியில் உட்கார வைத்து, எதிரே தானும் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, வெளிநாட்டு அதிகாரி மாதிரி குரலைக் கனமாக்கி, "வந்தவங்க என்னம்மா பண்ணாங்க?" என்று கேட்டார்.

"திட்டினாங்க," என்றாள் வதனி.

"சத்தமா."

"திட்டினாங்க."

"முகத்துல ஒண்ணுமே இல்லையேம்மா. கடைக்குப் போனேன், கத்திரிக்கா வாங்குனேன்னு சொல்ற மாதிரி சொல்றியே. திரும்பச் சொல்லு."

எனக்கு மண்டையைப் பிளந்தது. ஃபேன் ஓடவில்லை. ஊர் உலகத்துக்கெல்லாம் கரண்ட் அனுப்புகிற டவுன்ஷிப் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்க, பக்கத்து ஊரான வடக்குத்தில் எங்கள் அறையில் மட்டும் விசிறிமட்டை. "விடுங்க டீச்சர், டீ ஆறுது," என்றேன். "டீ எங்கயும் ஓடிடாது பிரபா, விசாரணை ஓடிடும்," என்றார் டீச்சர்.

அந்த அறை சிமென்ட் கடைக்கு மேல் மாடி. வாசலில் 'ஒருவருக்கொருவர் மகளிர் சுயஉதவி அறக்கட்டளை' என்று பலகை தொங்கும். ஆரம்பித்தது நாங்கள் இல்லை. சந்திரா என்று ஒருத்தி, இலங்கை அகதிகள் முகாமிலேயே பிறந்து வளர்ந்தவள், முகாம் பெண்களைச் சேர்த்துக்கொண்டு ஆரம்பித்தாள். அடைக்கலம் கேட்டு வெளிநாட்டுக்கு எழுதுகிற பெண்களுக்கான இடம். அவள் போட்ட விதி ஒன்றே ஒன்று: ஏற்கெனவே விசாரணைக்குப் போய் வந்தவள், அடுத்துப் போகிறவளுக்குக் கை கொடுக்க வேண்டும். இங்கிலீஷ் படித்துச் சொல்ல ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டாள். கல்யாணத்துக்கு முன்னால் சென்னையில் ஒரு கம்பெனியில் இங்கிலீஷ் கடிதம் அடித்துக்கொண்டிருந்தவள் நான். நான் போனதைப் பார்த்து டீச்சர் வந்தார். டீச்சர் வந்ததைப் பார்த்து பேனர், பொன்னாடை, குரூப் போட்டோ எல்லாம் வந்தன.

போன வருஷம் சந்திராவுக்கே வழி பிறந்து, விமானம் ஏறிப் போய்விட்டாள். டீச்சர் தலைவியானார். முகாம் பெண்கள் தையலுக்கு மட்டும் வந்து போனார்கள். பலகையில் சுயஉதவி இருந்தது, உள்ளே நாங்கள் இருந்தோம்.

வதனி இலங்கையில் வன்னிப் பக்கத்துக்காரி. சண்டை முடிந்த சமயத்தில் புருஷனைக் கூட்டிக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை. அவன் போட்டோவைப் பிடித்துக்கொண்டு, அதே மாதிரி ஆட்களைத் தொலைத்த பெண்களோடு வருஷக்கணக்காகத் தெருவில் உட்கார்ந்திருக்கிறாள். உட்காராதே என்று சொல்ல வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். அங்கே அரிசிக்கும் பெட்ரோலுக்கும் ஜனங்கள் வரிசையில் நின்ற வருஷம், மகள் அபிசனாவைக் கூட்டிக்கொண்டு படகேறிவிட்டாள். அவளுடைய அக்கா ஒரு குளிர் நாட்டில் இருக்கிறாள். அக்காவும் சிநேகிதர்களும் பொறுப்பேற்று அந்த நாட்டுக்கு மனுப்போட, வீடியோவில் ஒரு விசாரணை நடந்தது. மனு தள்ளுபடி. மேல்முறையீட்டில் இன்னும் ஒரே ஒரு தடவை பேசலாம் என்றார்கள். அதுவும் போனால் அதற்கு மேல் கதவு கிடையாது. முகாம் அறையில் அவளும் மகளும், இந்த ஊர்க்காரர்களாகவும் ஆகாமல், அந்த ஊருக்கும் போக முடியாமல், இருக்கிற வரைக்கும் இருக்க வேண்டியதுதான்.

தள்ளுபடிக்கு அவர்கள் சொன்ன காரணத்தைப் படித்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்த ஆட்கள் மனுதாரரோடு பேசினார்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார், பேசுவது துன்புறுத்தல் ஆகாது என்று இருந்தது.

"என்ன வதனி, வந்தவங்க பேசினாங்கன்னா சொன்னே?"

"ஓம் அக்கா. வந்து பேசினவங்கள் எண்டு சொன்னனான்."

"பேசினாங்கன்னு சொன்னா எப்படி வதனி நம்புவாங்க? உக்காந்து ஊர்க்கதை பேசிட்டுப் போன மாதிரி இல்ல இருக்கு!"

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இரண்டு பேரும் தமிழச்சிகள், இரண்டு பேருக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

விளங்கியது ஒரு வாரம் கழித்து. வதனி லேட்டாக வந்ததற்கு டீச்சர் மாடிப்படியிலேயே நிறுத்தி வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தவளிடம் என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"பிந்தி வந்ததுக்கு டீச்சர் என்னைப் பேசினவா."

"பேசினாங்களா? தெரு முழுக்கக் கேட்டுச்சு, திட்டினாங்க!"

"அதைத்தானே அக்கா சொல்லுறன். பேசினவா."

தையல் மிஷினில் இருந்த முகாம் அக்காவிடம் ஓடிப்போய்க் கேட்டேன். அவர் சிரித்தார். "இது தெரியாதே உங்களுக்கு? பேசுறதெண்டா ஏசுறதுதான். சும்மா பேசுறதுக்குக் கதைக்கிறதெண்டு சொல்லுவம்." ஏன் இதை முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "என்னட்ட ஆர் கேட்டது?" என்று நூலைக் கோத்தார்.

நம் ஊர் ஆள் ஒருத்தன் மொழிபெயர்க்க உட்கார்ந்து, அவள் பேசினவங்கள் என்றதை அப்படியே பேசினார்கள் என்று மாற்றி, ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கவிழ்த்துவிட்டான். அவனைச் சொல்லி என்ன பயன்? நானாக இருந்தாலும் அப்படித்தான் மாற்றியிருப்பேன். ஆனாலும் அவனைக் கண்டபடி திட்டினேன். மனசுக்குள்தான்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். முகாம் அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்து வதனியைப் பேசச் சொல்லியிருக்கலாம். ஆனால் விஷயம் டீச்சர் காதுக்குப் போய், கமிட்டி கூடிவிட்டது. பேசினவங்கள் என்ற சொல்லை எடுத்துவிட்டு வேறு சொல் போடுவது என்று முடிவானது. எந்தச் சொல் என்பதில்தான் சண்டை. டவுன்ஷிப்பில் ஒவ்வொரு குவார்ட்டர்ஸுக்குள்ளும் ஒரு ஜில்லா இருக்கிறது. டீச்சர் திருநெல்வேலிக்காரர். அவருக்கு அது 'ஏசினாங்க'. எதிர் பிளாக் மதுரைக்காரி 'வஞ்சாங்கன்னு சொல்லட்டும்' என்றாள். மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கும் வடக்குத்து வீரம்மாள், "இன்னாத்துக்குங்க இவ்ளோ ரோசன? வூட்டுக்கு வந்து திட்டிக்கினே இருந்தானுவன்னு சொன்னா கொயந்தைக்குக்கூடப் புரியும்," என்றாள். கையைத் தூக்கி ஓட்டெடுத்தோம். 'திட்டினாங்க' ஜெயித்தது. வதனி கை தூக்கினாளா என்று யாரும் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து ஒத்திகை. எண்டு சொல்லாதே, என்று சொல். ஓம் சொல்லாதே, ஆமா சொல். புறப்பட்டேன் என்பதற்கு வெளிக்கிட்டனான் என்று மட்டும் சொல்லித் தொலைக்காதே, இங்கே அதற்கு வேறு அர்த்தம். வதனி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். திட்டினாங்க என்று மட்டும் சொல்லிவிட்டு அதற்கப்புறம் வாயை மூடிக்கொள்வாள். அடுத்த வரி வராது. பயந்த சுபாவம் என்று நாங்களே தீர்ப்பும் சொல்லிக்கொண்டோம்.

விசாரணை நாளன்று கரண்டை நம்பி வடக்குத்தில் உட்கார முடியாது என்பதால் என் குவார்ட்டர்ஸ் ஹாலில் ஏற்பாடு. என் வீட்டுக்காரர் கலியமூர்த்தி ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து வருகிற நேரம். வீட்டுப் பக்கம் தலைகாட்டக் கூடாது, கேன்டீனிலேயே சாப்பிட்டுவிட்டு யாராவது சிநேகிதர் வீட்டில் கிடங்க என்று சொல்லியிருந்தேன். "என் வூட்டுக்கு வர்றதுக்கு நானே அடைக்கலம் கேக்கணும்போல," என்றார். அன்றைக்கு எனக்கு அதற்குச் சிரிக்கத் தோன்றவில்லை.

துணைக்கு ஓர் ஆள் இருக்கலாம், வாயைத் திறக்கக் கூடாது என்பது அவர்கள் போட்ட விதி. அந்த ஓர் ஆள் நான். டீச்சரிடம் பத்துத் தடவை சொன்னேன். "நான் எங்கம்மா பேசப் போறேன்? சமையக்கட்டுல இருக்கேன். பிள்ளைக்குத் தண்ணி கிண்ணி வேணும்னா?" என்று உள்ளே போய் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். தலைவியை எப்படிக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவது?

லேப்டாப்பில் அதிகாரி வந்தாள். நரைத்த முடி, களைத்த முகம். பக்கத்துக் கட்டத்தில் மொழிபெயர்ப்பாளர், சென்னைத் தமிழ் பேசும் ஒரு பெண். இந்தத் தடவை பெண் என்றதும் எனக்கு மூச்சு வந்தது. பெயர், ஊர், புருஷன் பெயர், எல்லாம் ஒழுங்காகவே போயிற்று. வதனி எண்டு சொல்லாமல், ஓம் சொல்லாமல், யாரோ ஒருத்தி மாதிரி பதில் சொன்னாள்.

"வீட்டுக்கு வந்தவங்க என்ன செஞ்சாங்கம்மா?"

"திட்டினாங்க."

மொழிபெயர்ப்பாளர் அதை இங்கிலீஷில் 'ஸ்கோல்ட்' என்றாள். வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையைக் கிளாஸ் மிஸ் திட்டுவாரே, அந்த ஸ்கோல்ட். அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டதை அந்தப் பெண் தமிழில் சொன்னாள்.

"போன தடவை பேசினாங்கன்னு சொன்னீங்க. இந்தத் தடவை திட்டினாங்கன்னு சொல்றீங்க. ரெண்டுல எதும்மா நிஜம்?"

ஐயோ என்று கத்தலாம்போல இருந்தது. கமிட்டி கூடி ஓட்டெடுத்து, மாசக்கணக்காக ஒத்திகை பார்த்து, அவளைப் பொய்க்காரி ஆக்கிவிட்டோம். எனக்கு இங்கிலீஷ் தெரியும். இரண்டே வரியில் விளக்கிவிடுவேன். ஆனால் வாயைத் திறந்தால் விசாரணையை நிறுத்திவிடுவார்கள். புடவை முந்தியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போது சமையற்கட்டிலிருந்து, டீச்சர் ரகசியம் என்று நினைத்துக்கொண்டிருக்கிற குரலில், "மிரட்டினாங்கன்னு சொல்லு! மிரட்டினாங்க!"

அதிகாரி நிமிர்ந்தாள். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் டீச்சரே ஹாலுக்கு வந்துவிட்டார். லேப்டாப்புக்கு இரண்டு கையையும் கூப்பி வணக்கம் வைத்தார். "ஐ ஆம் ரிட்டையர்டு தமிழ் டீச்சர், மேடம். ஒன் வேர்ட் மிஸ்டேக். ஐ வில் எக்ஸ்பிளைன்."

"டீச்சர், உள்ள போங்க!"

"இரு பிரபா, அவங்களுக்குத் தெரியாதுல்ல, பேசுதல்ங்கிற சொல்லுக்கு..."

"கொஞ்சம் வாயைப் பொத்திக்கொண்டு இருங்கோவன் ரெண்டு பேரும்!"

வதனி எழுந்து நின்றிருந்தாள். அவள் குரல் அவ்வளவு உயரும் என்று எனக்குத் தெரியாது. டீச்சர் கூப்பின கையை இறக்காமல் நின்றார். வதனி எங்களைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தே சொன்னாள்.

"பேசினவங்கள் எண்டு முதல்ல சொன்னது நான்தான். திட்டினாங்க எண்டு சொல்லப் பழக்கினது இவை. நடந்தது ரெண்டுமில்லை. வாயில வராததுக்குத்தான் அப்பிடிச் சொன்னனான். எங்கட ஊரில எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவினம். 'வந்து பேசிப்போட்டுப் போனவங்கள்' எண்டு சொன்னா, பக்கத்து வீட்டுக்காரி மேற்கொண்டு கேக்கமாட்டாள். அவளுக்கு விளங்கிவிடும். இப்ப சொல்லுறன். இவையை வெளியில அனுப்புங்கோ, சொல்லுறன்."

மொழிபெயர்ப்பாளர் தடுமாறினாள். "இவையைன்னா... எதை வெளிய வைக்கணும்மா? பொருள் ஏதாவதா?"

கடவுளே. மனுஷரை அவர்கள் ஊரில் 'இவை' என்பார்கள் என்றுகூடத் தெரியாத ஒருத்தியிடம் இவள் என்னத்தைச் சொல்லி முடிப்பாள்? விதியாவது ஒன்றாவது என்று, "எங்களைத்தான் சொல்கிறாள், நாங்கள் போகிறோம்," என்று இங்கிலீஷில் சொன்னேன். நீங்கள் வெளியே போனதும் தொடரலாம் என்றாள் அதிகாரி. டீச்சரின் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு என் வீட்டிலிருந்து வெளியே போனேன். பின்னால் கதவை வதனியே தாழிட்டாள்.

முன்பக்கம் கொய்யா மரத்தடியில் நின்றோம். ஹால் ஜன்னல் திறந்திருந்தது. அதைச் சாத்தலாம் என்று போனேன். ஒரு கதவு சாத்திக்கொண்டது, இன்னொன்று பாதியில் சிக்கிக்கொண்டது. மரம் ஊதியிருக்கிறது, இழைப்புளி போட்டுத் தருகிறேன் என்று பொங்கலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார் என் வீட்டுக்காரர். தள்ளினேன், குத்தினேன், அசையவில்லை. அவரையும் அவர் இழைப்புளியையும் சபித்துக்கொண்டு இன்னொரு தடவை தள்ளும்போதுதான் உள்ளே வதனி சொன்னாள்.

மெதுவாகத்தான் சொன்னாள். லேப்டாப்பில் அந்தப் பெண், "சாரிம்மா, சரியா கேக்கலை. இன்னொரு தடவை சொல்றீங்களா?" என்றாள்.

வதனி இன்னொரு தடவை சொன்னாள். சத்தமாக.

அது என்ன என்று நான் எழுதப் போவதில்லை. அந்தச் சொல்லுக்கு வன்னியிலும் வடக்குத்திலும் திருநெல்வேலியிலும் ஒரே பொருள்தான். மூன்று பேர் வந்தார்கள் என்பதையும், அபிசனா பக்கத்து அறையில் இருந்தாள் என்பதையும் சேர்த்துக் கேட்டுவிட்டு ஜன்னலை விட்டு நகர்ந்தேன். யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. எல்லார் மேலும் வந்தது. அந்த மூன்று பேர் மேல் வந்தது, முதல் மொழிபெயர்ப்பாளன் மேல் வந்தது, கை தூக்கி ஓட்டுப்போட்ட என் மேல் வந்தது. கத்திரிக்கா வாங்கினேன் என்று சொல்கிற மாதிரி சொல்கிறாயே என்று கேட்டவர் பக்கத்திலேயே நின்றார்.

டீச்சருக்குக் காது கொஞ்சம் மந்தம். "என்ன சொல்றா? மிரட்டினாங்கன்னு சொன்னாளா?" என்றார்.

"டீச்சர், சும்மா இருங்க."

கொய்யா இலை மேல் படிந்திருந்த கரித்தூளை விரலால் துடைத்துக்கொண்டு நின்றார். அவள் கூப்பிட்டால் உள்ளே ஓட வேண்டும், போக எங்களுக்கு வேறு இடம் இல்லை. உள்ளே கேள்வியும் பதிலும் போய்க்கொண்டே இருந்தன. நான் கேட்காமலிருக்கப் பார்த்தேன். தெருவில் ஒரு தண்ணீர்க்காரன் மணி அடித்துக்கொண்டு போனான். கடைசியில் அதிகாரியின் குரல் மட்டும் தனியாக வந்தது. அதை அந்தப் பெண் தமிழில் கேட்டாள்.

"இவ்வளவு நடந்திருக்கே, இதை ஏன்மா இவ்வளவு நாளா யார்கிட்டயும் சொல்லலை? உங்களுக்கு உதவி பண்றவங்க இருக்காங்களே, அவங்ககிட்டகூடவா சொல்லலை?"

கேஸ் இங்கேதான் நிற்கும், இல்லை விழும். முதலில் சொல்லாததைப் பின்னால் சொன்னால் கட்டுக்கதை என்று எழுதிவிடுவார்கள். அப்படி எழுதின காகிதங்களை நானே பல பெண்களுக்குப் படித்துக் காட்டியிருக்கிறேன்.

வதனி சொன்னாள்.

"ஒருத்தரும் கேக்கேல்லை. எப்பிடிச் சொல்லவேணும் எண்டு பழக்கினவை. என்ன நடந்தது எண்டு கேக்கேல்லை."

அந்தச் சென்னைப் பெண், பேசுவதும் ஏசுவதும் தெரியாதவள், மனுஷரைப் பொருள் என்று நினைத்தவள், இதை மட்டும் ஓர் எழுத்துப் பிசகாமல் இங்கிலீஷில் சொன்னாள்.

அதிகாரி நன்றி என்றாள். முன்பு சொல்லாததற்கு இது போதுமான காரணம் என்று பதிவு செய்வதாகவும், இன்றைக்குச் சொன்னதை வைத்தே முடிவெடுப்பதாகவும் சொன்னாள். அதற்கப்புறம் நெடுநேரம் டைப் அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

டீச்சர் என் தோளைத் தொட்டார்.

"கடைசியா என்ன பிரபா சொன்னா? எனக்குக் கேக்கலை."

சொல்லாமல் மழுப்பலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். முடியவில்லை.

"என்ன நடந்துச்சுன்னு நாம யாரும் அவளைக் கேக்கவே இல்லைன்னு சொன்னா டீச்சர்."

டீச்சர் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார்.